கண்ணாடியா, ரோபோவா?

பக்கவாதத்தால் முடங்கிய கைக்கு இன்று இரண்டு துணைகள் பேசப்படுகின்றன. ஒன்று, வீட்டிலிருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி. மற்றொன்று, விலையைக் கேட்டாலே தலைசுற்றும் ரோபோ.

கண்ணாடியை மேசையில், நெஞ்சுக்கு நேராக, நல்ல கையைப் பார்த்தபடி நிறுத்த வேண்டும். முடங்கிய கை அதன் பின்னால் மறைந்திருக்கும். நல்ல கையின் விரல்களை விரித்து மடக்கினால், முடங்கிய கையே அசைவதுபோல் தெரியும். மூளை அதை ஓரளவு நம்பிவிடுகிறது! மோதிரம், கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுங்கள். ஒரே ஒரு வளையல் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு, இல்லாத அந்தக் கையில் தோன்றும் மாய வலிக்காக 1990களில் கையாண்ட உத்தி இது.

ரோபோவில் பெயர்பெற்றது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான மேனஸ். திரையில் தெரியும் புள்ளியை நோக்கி நீங்கள் கையை நகர்த்த, முடியாத இடத்தில் அது தாங்கிக் கொண்டுபோகும். நூற்றுக்கணக்கான முறை செய்தாலும் களைக்காது. ஆனால் 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வில், 770 பேரில் ஒரு பிரிவினர் வாரம் 3 முறை, 12 வாரம் அதில் பயிற்சி செய்தும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் கையின் செயல்பாடு மேம்படவில்லை.

என் மனம் கண்ணாடிப் பக்கம்தான். ஆனால் பக்கவாதத்துக்குப் பின் தன் உடலின் ஒரு பக்கத்தையே கவனிக்கத் தவறுபவருக்கும், கவனம் நிலைக்காதவருக்கும் அதுவும் எளிதல்ல. முதல் சில நாள்களாவது பிசியோதெரபிஸ்ட் அருகில் இருக்கட்டும்.