இன்விட்–வீவெரிஃபை: தருமபுரி, கிருஷ்ணகிரி நிருபர்கள் கணினியில் வைத்திருக்க வேண்டிய கருவி

ஒகேனக்கல்லில் தண்ணீர் கூடிவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்கள் வீடியோக்களால் நிரம்பிவிடும். எது இன்று எடுத்தது, எது போன ஆடியில் எடுத்தது, எது கர்நாடகத்தின் சிவனசமுத்திரம் என்று பிரிக்க நிருபருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். டெஸ்கிலிருந்து "வீடியோ எங்கே?" என்று போன் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சில நிமிடங்களுக்கென்றே செய்யப்பட்ட இலவசக் கருவி இன்விட்–வீவெரிஃபை. க்ரோம் உலாவியில் நீட்சியாக (எக்ஸ்டென்ஷன்) சேர்த்துக்கொள்ளலாம்.

இது ஒரு நாட்டின் சரக்கு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதியில், பிரான்சின் ஏஎஃப்பி செய்தி நிறுவனம், ஜெர்மனியின் டாய்ச்சு வெல்லே, கிரேக்கத்தின் தெசலோனிகியில் உள்ள செர்த் ஆய்வு மையம் எல்லாம் சேர்ந்து உழைத்த பலன். 2017-ல் ஏஎஃப்பியின் மீடியாலேப் இதை வெளியிட்டது. 2018-ல் வீவெரிஃபை, 2022-ல் வெரா.ஏஐ என்று அடுத்தடுத்த கூட்டுத் திட்டங்களில் கருவி வளர்ந்தது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காக நாடுகள் கூடிப் பேசுவதும் அறிக்கை வெளியிடுவதும் வேண்டியவைதான். ஆனால் பென்னாகரத்திலும் தேன்கனிக்கோட்டையிலும் வேலை செய்யும் நிருபரின் கைக்கு நேரடியாக வந்து சேர்ந்த உதவி என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அதிகம் பயன்படப்போவது கீஃப்ரேம்ஸ் என்ற பகுதி. யூடியூப் அல்லது பேஸ்புக் வீடியோவின் இணைப்பை ஒட்டினால், காட்சி மாறும் இடங்களை அதுவே கண்டுபிடித்துத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும். ஒரு படத்தின் மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் கூகுள், பிங், யாண்டெக்ஸ், டின்ஐ என்று பல தேடுபொறிகளுக்கு அங்கிருந்தே அனுப்பலாம். கூகுளோடு நின்றுவிடாதீர்கள். ஒன்றில் சிக்காத பழைய படம் இன்னொன்றில் சிக்குவது வழக்கம்.

இணைப்பு இல்லாமல் கோப்பாக வந்த வாட்ஸ்அப் வீடியோவை நேரடியாக ஏற்றவும் வழி உண்டு. நெட் மந்தமான இடத்தில் அதற்குக் காத்திருக்க வேண்டாம். விஎல்சி பிளேயரில் வீடியோவை ஓடவிட்டு, தேவையான இடத்தில் ஷிஃப்ட்டையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் அந்தக் காட்சி படமாகச் சேமிக்கப்படும். அதைத் தேடலுக்குக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன், மேலே ஒட்டிய சேனல் லோகோ, கீழே ஓடும் வரி, சிவப்பு வட்டம், அம்புக்குறி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டாவிட்டால் தேடுபொறி வெள்ளத்தை விட்டுவிட்டு லோகோவைத் தேடிக் கொண்டுவரும். 'ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் புதிய வீடியோதான்' என்ற தவறான முடிவு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. இன்னொரு தந்திரத்தையும் கவனியுங்கள்: பழைய வீடியோவை இடவலமாகத் திருப்பிவிட்டிருப்பார்கள். கடைப் பலகை எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிந்தால், பெயிண்ட் செயலியில் படத்தைத் திருப்பிப் போட்டு மறுபடி தேடுங்கள்.

மாக்னிஃபையர் என்பது உருப்பெருக்கி. கேட்கச் சாதாரணமாக இருந்தாலும் நம் பக்கத்தில் நன்றாகவே பயன்படும். பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ராகி அறுவடைக் காலத்தில் ஓசூரை அடுத்த சானமாவு பக்கம் வருவது ஆண்டுதோறும் நடப்பது. அதனாலேயே எந்த ஊர் யானை வீடியோவையும் "ஓசூர் அருகே" என்று போட்டால் மக்கள் நம்பிவிடுகிறார்கள். சாலையில் நிற்கும் வண்டியின் நம்பர் பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள். டிஎன் 70 ஓசூர், டிஎன் 24 கிருஷ்ணகிரி, டிஎன் 29 தருமபுரி. தெரியும் வண்டிகள் அத்தனையும் கேஎல் (கேரளம்) என்றிருந்தால் சந்தேகப்பட வேண்டும். கேஎ (கர்நாடகம்) மட்டும் இருந்தால் அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஓசூரில் கர்நாடக வண்டி ஓடாத சாலை ஏது? அப்போது மைல்கல், மின்கம்பம், கடைப் பலகையின் மொழி என்று அடுத்த தடயத்துக்குப் போக வேண்டும்.

யூடியூப் வீடியோவின் பதிவேற்ற நேரத்தைக் காட்டும் பகுதியில் பலர் தடுக்கி விழுகிறார்கள். அது காட்டுவது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். 2024 டிசம்பர் 2 அன்று, ஃபெஞ்சல் புயலின் மிச்சத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டி வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டன. இரவு 2.10-க்கு ஒருவர் அதைப் பதிவேற்றியிருந்தால் கருவி டிசம்பர் 1, 20.40 என்று காட்டும். கணக்குப் போடாதவர், உண்மை வீடியோவை 'முந்தின நாள் வீடியோ' என்று தள்ளிவிடுவார். பதிவேற்றிய நேரம் என்பது எடுத்த நேரம் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

மெட்டாடேட்டா, அதாவது கோப்புக்குள் பதிந்திருக்கும் தகவல்களைக் காட்டும் பகுதியை வாட்ஸ்அப் படத்தில் திறந்து பயனில்லை. படம் அனுப்பும்போதே கேமரா, நேரம், இடம் பற்றிய தகவல்களை வாட்ஸ்அப் நீக்கிவிடுகிறது. எடுத்தவரிடமே பேசி, அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வந்தால் தகவல் அழியாது. "நான்தான் எடுத்தேன்" என்பவரிடம் மூலக் கோப்பு இல்லையென்றால் அதுவே ஒரு பதில்.

ஃபோரென்சிக் பகுதிதான் இந்தக் கருவியில் ஆபத்தானது. படத்தில் ஒட்டுவேலை இருக்கிறதா என்று பல வடிகட்டிகளில் வண்ண வண்ணமாகக் காட்டும். ஆனால் குழு குழுவாகக் கடந்து வந்த படம் திரும்பத் திரும்பச் சுருக்கப்பட்டுத் தடயங்களை இழந்திருக்கும். எழுத்தின் ஓரங்கள் இந்த வடிகட்டிகளில் எந்தப் படத்திலும் பளிச்சென்றுதான் தெரியும். அதை 'போட்டோஷாப் ஆதாரம்' என்று செய்தியில் போட்டால் ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் மறுத்ததாகிவிடும். பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

கருவி சொல்லாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தேடலுக்குக் கொடுக்கும் படம் வெளிநாட்டு நிறுவனங்களின் சர்வர்களுக்குப் போகிறது. குழந்தைத் திருமண வழக்கிலோ போக்சோ வழக்கிலோ வந்த படத்தை அப்படியே ஏற்றவே கூடாது. போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் குழந்தைக்கு நாம் செய்ய வேண்டியது அதுதான். ரகசியமாகத் தகவல் கொடுத்தவர் படத்தில் இருந்தாலும் இதே விதி. ஆட்களை வெட்டிவிட்டு, பின்னால் தெரியும் கட்டடத்தையோ மலையையோ மட்டும் தேடுங்கள்.

கருவியால் முடியாததை உள்ளூர் அறிவு முடித்துவைக்கும். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் நீர் அளக்கும் பிலிகுண்டுலுவில் அன்றைய நீர்வரத்து ஒரு லட்சம் கனஅடி என்றால் ஒகேனக்கல்லில் அருவிகள் மூழ்கி, ஒரே பரப்பாகத் தண்ணீர் ஓடும். வீடியோவில் பாறைகளும் ஐந்தருவியும் தனித்தனியாகத் தெரிந்தால் அது அன்றைய காட்சியே இல்லை. கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணையின் மதகு உடைந்தது என்று படம் வந்தால், 2017 நவம்பரில் முதல் மதகு உண்மையிலேயே உடைந்தது நினைவுக்கு வர வேண்டும். அந்தப் பழைய படமா என்று பார்த்துவிட்டு, நீர்வளத் துறைப் பொறியாளரைக் கூப்பிட்டு உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள். 2012-ல் நத்தம் காலனியில் சாதி வன்முறையில் வீடுகள் எரிக்கப்பட்ட மாவட்டம் தருமபுரி. சாதி மோதல் படம் என்று எது வந்தாலும், எவ்வளவு பிந்தினாலும், இடமும் தேதியும் உறுதியாகாமல் வெளியிடக் கூடாது.

இது நிருபரின் பாதுகாப்புக்கும் தேவை. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பரவிய வீடியோக்களில் பல, பழையவை அல்லது வேறு ஊர்களில் எடுத்தவை. பரப்பியவர்கள் மீது போலீஸ் வழக்குப் போட்டது. சிப்காட் ஆலைகளை நம்பி வந்த தொழிலாளர்கள் நிறைந்த ஓசூருக்கு அது சின்ன விஷயம் அல்ல. வதந்தி பரப்பியதாக நிருபர் மீதே வழக்கு வந்தால் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆம் பிரிவு நிற்கும். எந்த நேரத்தில், எந்தப் படத்தை, எங்கே தேடினேன், யாரிடம் கேட்டேன் என்ற குறிப்பும் திரைப்பிடிப்பும் கையில் இருந்தால், நல்லெண்ணத்தோடு எழுதினேன் என்று சொல்ல ஆதாரம் இருக்கும்.

குறைகளும் உண்டு. செல்போனில் ஓடாது; கணினி வேண்டும். நம் நிருபர்களில் பாதிப் பேர் செல்போனிலேயே செய்தி அடித்து அனுப்புகிறவர்கள் என்பதால் இது பெரிய குறை. இடைமுகம் தமிழில் இல்லை. பரிசோதிக்கப்பட்ட பொய்களின் தரவுத்தளம் ஒன்று கருவியோடு வருகிறது, ஆனால் நம் ஊர் வதந்திகளுக்குப் போதாது. அதற்கு, ஏற்கெனவே வந்த உண்மைச் சரிபார்ப்புகளைத் தேடித் தரும் கூகுளின் ஃபேக்ட் செக் எக்ஸ்ப்ளோரரில் தமிழிலேயே தட்டச்சு செய்து தேடுவது மேல். ஏஐ படங்களைக் கணிப்பது உள்ளிட்ட சில உயர்நிலைப் பகுதிகள் பூட்டியிருக்கும். பத்திரிகையாளர், ஆய்வாளர் என்று பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். அலுவலக மின்னஞ்சலே இல்லாமல் செய்திக்கு இவ்வளவு என்று வேலை செய்யும் தாலுகா நிருபர் இந்த இடத்தில் வெளியே நிற்கிறார். இந்தக் கதவை அவருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது தயாரித்தவர்களிடம் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை.

அதுவரை தருமபுரி, கிருஷ்ணகிரி பத்திரிகையாளர் சங்கங்கள் ஒன்று செய்யலாம். சங்க அறையில் ஒரு கணினியில் இந்த நீட்சியைப் போட்டு, கீஃப்ரேம்ஸ், மாக்னிஃபையர், யூடிசி கணக்கு இந்த மூன்றை மட்டும் ஒரு மதியத்தில் சொல்லிக்கொடுத்தால் போதும். கருவி இலவசம். ஆடிப் பெருக்குக்கு முன்பே அந்த மதியத்தை ஒதுக்கிவிடுவது நல்லது.