அமெரிக்க ஆவணக் காப்பகத்தின் திருத்தச் சான்றிதழ் சேவை: எண்ணத் தெரிகிறது, சிக்கல் வந்தால் கை பிசைகிறது

அமெரிக்க அரசமைப்பில் ஒரு திருத்தம் சேர்ந்துவிட்டது என்று முத்திரை குத்தும் கவுண்டர், 1985 முதல் தேசிய ஆவணக் காப்பகம்தான். காகித வேலை அதன் ஃபெடரல் ரிஜிஸ்டர் (அரசிதழ்) அலுவலகத்தில் நடக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற்றிய தீர்மானத்தை காப்பகத்தின் தலைவரான ஆவணக் காப்பாளர் மாநில ஆளுநர்களுக்கு அனுப்புவார். சட்டமன்றம் ஏற்றதும் சான்றிட்ட படி திரும்பி வரும். கையெழுத்தும் வடிவமும் சரியா என்று பார்த்துக் கோப்பில் சேர்ப்பார்கள். 50-ல் 38 மாநிலங்கள் சேர்ந்தால் சான்றிதழ். அதிபரின் கையெழுத்து எந்தக் கட்டத்திலும் தேவையில்லை.

காலக்கெடு இல்லாத கோப்பு என்றால் வேகத்தில் குறையில்லை. 1789-ல் அனுப்பிய 27-வது திருத்தம் 1992 மே மாதம் தேவையான எண்ணிக்கையைத் தொட்டது; அதே மாதம் சான்றிதழும் வந்தது.

பாலினச் சமத்துவத்துக்கான சம உரிமைத் திருத்தத்தில்தான் கவுண்டர் அடைத்துக்கொண்டது. 1972-ல் அனுப்பியது, கெடு 1979, பிறகு 1982 ஜூன் 30 வரை நீட்டிப்பு. அதற்குள் 35 மாநிலங்கள்தான் ஏற்றன. நெவாடா 2017-லும், இல்லினாய் 2018-லும், வர்ஜீனியா 2020-லும் ஏற்க, கணக்கு 38. ஆனால் ஐந்து மாநிலங்கள் இடையிலேயே ஒப்புதலைத் திரும்பப் பெற்றோ, காலாவதி என அறிவித்தோ விலகியிருந்தன. கெடுவிலும் ஒரு வில்லங்கம்: அது மாநிலங்கள் வாக்களித்த திருத்த வாசகத்தில் இல்லை, தீர்மானத்தின் முகப்பில் இருக்கிறது. 18-வது திருத்தத்திலோ கெடு வாசகத்துக்குள்ளேயே இருந்தது. முகப்பில் எழுதியது மாநிலங்களைக் கட்டுப்படுத்துமா? காப்பாளருக்கு வேலை கொடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தின் 106பி பிரிவில் இதற்குப் பதில் கிடையாது. முறைப்படி ஏற்கப்பட்டதாக அறிவிப்பு வந்தால் உடனே வெளியிடச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அரசின் நீதி அமைச்சகம் 2020-ல் கெடு முடிந்ததென்றது. 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்பாளரைக் கட்டாயப்படுத்த மறுத்தது. 2024 டிசம்பரில் சான்றளிக்க முடியாது என்று காப்பாளரே சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அப்போதைய அதிபர் பைடன் இதை 28-வது திருத்தம் என்றார், கவுண்டர் அசையவில்லை. விதிப்படி அசையவும் வேண்டியதில்லை.

பழைய கவுண்டரில் இதற்கு ஒரு வழி இருந்தது. 1868-ல் ஒஹாயோவும் நியூ ஜெர்சியும் 14-வது திருத்தத்துக்கான ஒப்புதலைத் திரும்பப் பெற்றபோது, அன்று இந்தச் சான்றிதழைக் கொடுத்துவந்த வெளியுறவுச் செயலர் ஸீவர்ட் ஜூலை 20-ல் நிபந்தனையோடு ஒரு சான்றிதழ் கொடுத்தார்: அவ்விரண்டும் கணக்கில் சேருமானால் திருத்தம் செல்லும் என்று. மறுநாளே காங்கிரஸ் சேர்த்து அறிவித்தது. ஜூலை 28-ல் முழுச் சான்றிதழ். இன்றைய சேவையில் அந்தப் படிவம் இல்லை.