மேட்டுநிலத்துக்கு எள்ளா, கச்சானா?

மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரோ நவகிரிக் குளத்துத் தண்ணீரோ எட்டும் வயல்காரருக்குச் சித்திரையில் தொடங்கும் சிறுபோகத்தில் யோசனையே இல்லை, மறுபடியும் நெல் வெள்ளாமைதான். வாய்க்கால் எட்டாத, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை மேட்டுநிலக்காரருக்குத்தான் ஒவ்வொரு சித்திரையிலும் இந்தக் கேள்வி வருகிறது. இரண்டு மூன்று மழையை நம்பி எதை விதைப்பது? எள், நிலக்கடலை என்று சொல்லும் கச்சான் இரண்டையும் நான் செய்து பார்த்தவன்.

கைமுதலில் இருந்து தொடங்குகிறேன். ஒரு ஏக்கருக்கு எள் மூன்று கிலோ போதும். கச்சானுக்கு உடைத்த பருப்பாகவே நாற்பது கிலோ வரை வேண்டும். கடன் வாங்கி விதை வாங்குகிறவனுக்கு இது சிறிய வித்தியாசம் இல்லை. மழை பொய்த்தால் எள்ளுக்காரன் இழப்பது ஒரு சிறு பை விதை. கச்சான்காரன் ஒரு மூட்டையையே இழக்கிறான். எள்ளை அப்படியே வீசினால் ஓரிடத்தில் கொட்டிவிடும். காய்ந்த மணலோடு கலந்து வீச வேண்டும். முளைத்த பின் நெருக்கத்தைக் கலைத்துவிடவும் மறக்கக்கூடாது.

தண்ணீர் விஷயத்தில் எள் ஒரு பிடிவாதக்காரப் பயிர். வேர் பிடித்துவிட்டால் வெயிலைத் தாங்கும். ஆனால் காலடியில் தண்ணீர் தேங்கினால் இரண்டே நாளில் வாடிவிடும். பள்ளக் காணியில் அதைப் போடவே வேண்டாம். கச்சானுக்கோ பூத்தபின் விழுது மண்ணுக்குள் இறங்கும் காலத்தில் ஈரமும் இளகிய மண்ணும் வேண்டும். வாகரைப் பக்கத்து மணலில் அது செழிப்பது அதனால்தான். எங்கள் மண் வெயிலில் இறுகிவிடும். பிடுங்கினால் செடி கையோடு வரும், காய் மண்ணுக்குள் தங்கிவிடும். பிறகு மண்வெட்டியால் கிளற ஆள் பிடிக்க வேண்டும்.

காட்டுப்பன்றியையும் சொல்லியாக வேண்டும். கச்சான் காய் முற்றும் வாசம் எப்படித்தான் அதற்கு எட்டுமோ, ஒரே இரவில் பாத்தி பாத்தியாகக் கிளறிவிட்டுப் போகும். எள்ளில் அவ்வளவு தொல்லை இல்லை. மாடும் ஆடும்கூட அந்தக் கசப்பு இலையை விரும்பி மேய்வதில்லை. வேலி போட வசதியில்லாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

எள்ளின் சோதனை அறுவடையில் இருக்கிறது. காய்கள் அடியில் இருந்து மேலாக முற்றும். அடிக்காய் மஞ்சளித்ததும் வெட்டிவிட வேண்டும். உச்சிக்காயும் முற்றட்டும் என்று காத்திருந்தால் அடிக்காய் வெடித்து எள் மண்ணில் கொட்டிவிடும். ஒரு வருடம் உறவில் ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் தாமதித்தேன். திரும்பி வந்து பார்த்தபோது செடிக்கடியில் எறும்புகள் வரிசை கட்டி எள்ளைச் சுமந்துகொண்டிருந்தன. இப்போது பனி காயுமுன் வெட்டி, கட்டுக் கட்டாகப் படங்கின்மேல் நிறுத்திவிடுகிறேன். சில நாள் காய்ந்தபின் கட்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் சரசரவென்று கொட்டும் ஓசை இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு வருடம் விதைக்கலாம்.

மண்ணுக்குச் செய்யும் உபகாரத்தில் கச்சான்தான் மேல். அதன் வேர்முடிச்சு காற்றின் நைதரசனை மண்ணில் சேர்க்கிறது, கொடி மாட்டுக்குத் தீனியாகிறது. எள் மண்ணில் இருந்து எடுத்துக்கொள்ளும் பயிர். கைக்குக் காசு வரும் வேகத்திலும் கச்சானுக்கு ஈடில்லை. கோவில் திருவிழாவில் கச்சான் கடை இல்லாத வீதி உண்டா?

ஆனால் மாமாங்கேஸ்வரர் கோவிலில் ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்யும் கையில் இருப்பது எள். பூப்படைந்து பெரியபிள்ளையான பெண்ணுக்கு முட்டையோடு கொடுப்பது நல்லெண்ணெய். எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய்தான். ‘இளைத்தவனுக்கு எள்ளு’ என்றார்கள். தோல் நீக்காத எள் 100 கிராமில் ஏறத்தாழ 975 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. கச்சானில் நூறுகூட இல்லை. எள்ளின் கல்சியம் பெரும்பாலும் தோலில், ஒட்சலேற்று என்ற உப்பாகப் பிணைந்திருப்பதால் முழுவதும் உடலில் சேராது என்பதையும் சொல்ல வேண்டும். புரதத்தில் கச்சான் முந்துகிறது. ஆனால் ஈரத்தோடு மூட்டை கட்டிய கச்சானில் பூஞ்சணம் பிடித்தால் அஃபிளாடொக்சின் என்ற நஞ்சு உருவாகும், அது கல்லீரலைக் கெடுக்கும். பூஞ்சணம் பூத்த பருப்பை, மனம் கேட்காவிட்டாலும், எறிந்துவிடுங்கள். நல்லெண்ணெயோ செசமோல் போன்ற இயற்கைக் காப்புப் பொருள்களால் எளிதில் சிக்கு நாற்றம் அடிக்காது. இரண்டுமே சிலருக்கு ஒவ்வாமை தரும். அவர்களுக்கு மருந்தென்று சொல்லிக்கூடக் கொடுக்கக்கூடாது.

எள்ளுப்பாகு என்ற இனிப்புக்கு எங்கள் வீட்டில் கறுப்பு எள்தான். கழுவிக் காயவைத்து, படபடவென்று பொரியும்வரை மட்டும் வறுக்க வேண்டும். ஒரு நிமிடம் கூடினாலும் கசந்துவிடும். வறுத்த உளுத்தம்மாவும் சர்க்கரையும் சேர்த்து உரலில் இடிக்கும்போது எண்ணெய் தானாகக் கசிந்து உலக்கையில் ஒட்டும். கிரைண்டரில் அந்தப் பதம் வரவே வராது.

மணல் காணியும் நல்ல வேலியும் உள்ளவர்கள் தயங்காமல் கச்சான் போடலாம். என் அரை ஏக்கரில் வரும் சித்திரைக்கும் எள்தான். கிணற்றடியில் மட்டும் மண்ணைக் கொத்தி இளக்கி நாலு பாத்தி கச்சான் போடுவேன், பிள்ளைகள் அவித்துத் தின்ன.