பின்னால் இருக்கிற இரண்டு சிலிண்டர்கள்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். "ஏரியல் ஸ்கொயர் ஃபோர் ஒன்று விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமாடா?" அது பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள், என்னிடமும் ஒன்று இருக்கிறது. அப்போதுதான் அதன் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, மறுபடி பூட்டிவிட்டு, கை நிறைய கிரீஸோடு நின்றுகொண்டிருந்தேன். கேட்ட நேரம் சரியில்லை.

என்னுடையது 1955 மாடல், 997 சிசி, நான்கு புகைக்குழாய் உள்ள மார்க் 2. ஒன்பது வருடமாக பர்மிங்ஹாமில் ஓட்டுகிறேன். இந்த எஞ்சினை 1920-களின் கடைசியில் யோசித்தவர் எட்வர்ட் டர்னர். கேரம் போர்டின் நான்கு குழிகள் மாதிரி, மூலைக்கொரு சிலிண்டர். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க்; முன் ஜோடிக்கு ஒரு கிராங்க், பின் ஜோடிக்கு ஒரு கிராங்க். இரண்டும் பல்சக்கரத்தால் கோத்து, எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. குறுக்கு மூலைகளில் உள்ள இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது மற்ற இரண்டும் இறங்கும். அதனால் அதிர்வு மிகக் குறைவு. டாப் கியரில் சைக்கிள் வேகத்துக்கு இறங்கினாலும், ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் உதறாமல் இழுக்கும். இத்தனை வருடம் கழித்தும் அந்த இழுப்பில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் சூடு இருக்கிறதே! முன்னால் நிற்கிற அண்ணன்மார் இருவரும் காற்றையெல்லாம் வாங்கிக்கொள்கிறார்கள். பின்னால் உள்ள தம்பிமாருக்கு அவர்கள் விட்ட அனல்தான் மிச்சம். முதலில் இரும்பாக இருந்த ஹெட்டையும் சிலிண்டரையும் 1949-இல் அலுமினியமாக மாற்றினார்கள், எடை குறைந்தது. காற்று போகிற வழி மாறவில்லையே! சிலிண்டர்களைச் சதுரமாக வைத்ததால்தான் வண்டி இவ்வளவு அடக்கமாக இருக்கிறது. அதே சதுரம்தான் பின் ஜோடியை வேகவைக்கிறது. டிசைனிலேயே இருப்பதை எந்த ஸ்பானரால் சரிசெய்வது?

திறந்த சாலையில் ஒரு குறையும் கிடையாது. பிரிஸ்டல் ரோட்டில் மாலை நேர நெரிசலில் மாட்டினால் தொடைக்குக் கீழே அடுப்பு பற்றிக்கொள்ளும். இந்த வண்டி பிறந்த செல்லி ஓக்கைத் தாண்டுவதற்குள் நான் இருமுறை எஞ்சினை அணைத்துவிடுவேன். இந்தக் கோடையில் சோம்பேறித்தனமாக அணைக்காமல் நின்றேன், தப்பு என்னுடையதுதான். பின்பக்கம், ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் ஹெட்டும் லேசாக வளைந்திருந்தது. தளம் சீவக் கொடுத்து வாங்க மூன்று வாரம்.

பின் சஸ்பென்ஷன் பற்றியும் நண்பன் கேட்டான். இணைப்புகள் நிறைய, கிரீஸ் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சரி, வாங்கலாமா? வேண்டாம் என்றேன். நெரிசலில் நிற்கிறவனுக்கான வண்டியே இல்லை இது. அவன் கேட்கிற ஆளாகத் தெரியவில்லை. அப்புறம் ஒன்று மட்டும் சொல்லி வைத்தேன்: பார்க்கப் போகும்போது ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விடு. விற்கிறவர் அதற்கு முன்னாலேயே அணைக்கக் கை நீட்டினால் கிளம்பி வந்துவிடு.

என்னுடையதை விற்க நேர்ந்தால் நானும் ஐந்தாவது நிமிடத்தில் அணைத்துவிடுவேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.