ஸ்விஃப்ட் முன்சக்கர பிரேக் பேட்: வெளிக் கம்பெனி சரக்கு தேறுமா?

தேறும். மாருதி ஸ்விஃப்டின் முன்சக்கரத்துக்கு நல்ல கம்பெனி பேட் வாங்கி வீட்டு வாசலிலேயே மாட்டலாம். கொஞ்சம் ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு இரண்டு மணி நேர வேலை. ஆனால் "புதுப் பேட் போட்டதிலிருந்து கிறீச்சுனு சத்தம்" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பேட் காரணமே இல்லை. பேட் உட்காரும் இடம்தான் காரணம்.

சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டாலும் உங்கள் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டாலும் மூன்று தரத்தில் எடுத்துப் போடுவார்கள்: மாருதி பெட்டியில் வரும் ஒரிஜினல், பெயருள்ள கம்பெனி, அப்புறம் லோக்கல். லோக்கலைத் தொட வேண்டாம். நடுத்தரத்தில் ரானே, டிவிஎஸ் கிர்லிங், பாஷ் போன்றவை வரும். கிர்லிங் பெயரில் விற்கும் பிரேக்ஸ் இந்தியா 1962இல் தொடங்கிய சென்னை பாடி கம்பெனி. ரானேயும் சென்னைதான். இரண்டுமே கார் தயாரிப்பாளர்களுக்கு நேரடியாகச் சப்ளை செய்பவை என்பதால், பெட்டி மாறினால் தரம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது போலிக்குத்தான். ஹோலோகிராம், எம்ஆர்பி ஸ்டிக்கர், பேட்ச் நம்பர் மூன்றும் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். பில் போட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஒரு செட் என்றால் நான்கு பேட், இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்விஃப்ட் இங்கே 2005, 2011, 2018, 2024 என நான்கு தலைமுறை கண்டுவிட்டது. "ஸ்விஃப்ட் பேட் குடுங்க" என்றால் போதாது. வருஷம், பெட்ரோலா டீசலா என்பதோடு, முடிந்தால் பழைய பேடையே கொண்டுபோய் இரும்புத் தகட்டின் மேல் தகடு வைத்துப் பாருங்கள். தகட்டின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காது கொஞ்சம் மாறினாலும் உட்காராது.

பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதலாவது சாதாரண சூட்டில் உராய்வு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு. 'இ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. தினசரி ஓட்டத்துக்கு எஃப்எஃப் போதும். இரண்டாவது எழுத்து முதலாவதைவிட இறங்கியிருந்தால் ஏற்காடு, கொடைக்கானல் இறக்கத்தில் பெடலை இன்னும் அழுத்த வேண்டிவரும். செராமிக் பேட் தூசு குறைவாகக் கொட்டும், அலாய் வீல் கறுக்காது, சத்தமும் கம்மி. ஆனால் ஊருக்குள் ஓடும் ஸ்விஃப்டுக்கு அந்தக் கூடுதல் விலை அவசியம் என்று தோன்றவில்லை. உலோகம் அதிகம் கலந்த பேட் சூட்டைத் தாங்கும், ஆனால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைத் தின்னும்.

இந்தச் சரக்கின் உண்மையான குறை வேறு. நடுத்தர விலைப் பெட்டிகள் பலவற்றில் நான்கு பேட் மட்டும்தான் இருக்கும். முதுகில் ஒட்டும் ஷிம் என்ற மெல்லிய தகடு, பேடைத் தாங்கும் பிராக்கெட்டில் செருகும் ஸ்டீல் கிளிப், கிரீஸ் பாக்கெட் எதுவும் வராது. ஷிம்மும் கிளிப்பும் வரும் பெட்டி இருநூறு முந்நூறு கூட இருந்தாலும் அதையே எடுங்கள்.

மாட்டும் வேலை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று தளர்த்திவிட்டு ஜாக்கி போடுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது, ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால், பேடை டிஸ்கில் அழுத்தும் காலிபர் கைக்கு எட்டும். காலிபர் நகர உதவும் ஸ்லைடு பின் இரண்டில் கீழே உள்ளதன் போல்ட்டைக் கழற்றி காலிபரை மேலே தூக்கினாலே பழைய பேட் வந்துவிடும். ஸ்லைடு பின்களைச் சுத்தம் செய்ய காலிபரை முழுதாகக் கழற்றினால் கம்பி போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காமல் இருந்தால், சந்தேகம் வரும்போது மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

கழற்றிய பேடைத் தூக்கிப் போடாமல் படியுங்கள். உள்பக்கப் பேட் மட்டும் ரொம்பத் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கும், அல்லது காலிபருக்குள் இருந்து பேடைத் தள்ளும் பிஸ்டன் சரியாகத் திரும்பவில்லை. ஒரே பேட் ஒரு முனையில் மெலிந்து ஆப்பு மாதிரி ஆகியிருந்தால் பிராக்கெட்டில் சிக்கியிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த பேட் போட்டாலும் அதே கதிதான்.

இனி பேட் உட்காரும் இடம். ஸ்டீல் கிளிப்பை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தால் அடியில் ஆரஞ்சு நிறத்தில் துரு செதில் செதிலாகப் படிந்திருக்கும், நகம் பட்டாலே உதிரும். கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டி என்றால் இன்னும் மோசம். அந்தத் துரு கிளிப்பைத் தூக்கிவிடுவதால் பேடுக்கு இடம் குறைகிறது. பிரேக் விட்ட பிறகும் பேட் பின்வாங்காமல் டிஸ்கை உரசிக்கொண்டே ஓடும்: சத்தம், சூடு, மைலேஜ் நஷ்டம். கம்பி பிரஷால் வெறும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். அப்புறம் கிளிப்பை மாட்டி, புதுப் பேடைக் கையால் செருகிப் பாருங்கள். விரலால் தள்ளினால் நகர வேண்டும். சுத்தியல் கேட்கிறது என்றால் எங்கோ தப்பு. சில நேரம் பேடின் காதில் பெயிண்ட் தடிப்பாக இருக்கும். அதை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும்.

ஸ்லைடு பின் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றின் நுனியில் ரப்பர் இருக்கலாம், எது மேலே எது கீழே என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். துடைத்துவிட்டு சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ஆகாது, ரப்பரை ஊத வைத்துப் பின்னை இறுக்கிவிடும்.

தடிமனான புதுப் பேடுக்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அதற்கு முன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். நிரம்பியிருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தள்ளும்போது வழிந்து பெயிண்டைத் தின்றுவிடும். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து சி-கிளாம்பால் நிதானமாகத் திருகுங்கள். காலிபர் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக்கை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும், வேலை இரண்டு மடங்கு. பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள சில கார்களில் பின்பக்கப் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும். அந்த வேலைக்கு இந்தக் கிளாம்ப் உதவாது.

டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். வெளி ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரப்பைச் சேர்த்து வெர்னியரால் அளந்தால் டிஸ்க் நன்றாக இருப்பதாகப் பொய் சொல்லும். மைக்ரோமீட்டரால் உள்ளே அளக்க வேண்டும். வரப்பு உயரமாக இருந்தால் புதுப் பேட் அதன் மேல் ஏறி உட்கார்ந்து கத்தும். லேத்தில் கொடுத்து எடுத்தபின் தடிமன் எல்லைக்குள் இருக்குமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். துடைக்கப் பிரேக் கிளீனர் ஸ்பிரே மட்டும். டீசல், மண்ணெண்ணெய் துணி கிட்டவே வரக் கூடாது. பேட் தூசியை ஊதவும் வேண்டாம், நுரையீரலுக்குக் கேடு.

ஸ்லைடு பின் போல்ட், வீல் நட் இறுக்கத்துக்கு உங்கள் மாடலின் மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுதான் கணக்கு. வீல் நட்டைக் குறுக்கு நெடுக்காக இறுக்குங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடலைக் கெட்டிப்படும்வரை மிதியுங்கள். முதல் சில மிதி தரைவரை போகும். அப்படியே கிளப்பிக்கொண்டு போய்ச் சுவரில் நிறுத்தியவர்கள் உண்டு. எத்தனை மிதித்தாலும் பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது, பிளீட் செய்யாமல், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றாமல், ரோட்டுக்குப் போகாதீர்கள்.

கடைசியாகப் பேடைப் பழக்குவது. காலி ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15க்கு மிதமாக இறக்குங்கள், முழுக்க நிறுத்தாமல் மறுபடி வேகமெடுங்கள். எட்டுப் பத்து முறை செய்தபின் பிரேக் போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். முதல் 200, 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்த்தால் நல்லது. பிடிப்பு ஆரம்பத்தில் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். அதற்காகப் பேடைத் திட்டி ஒரு நட்சத்திரம் போடுவது நியாயமில்லை. 500 கிலோமீட்டர் தாண்டியும் கத்தினால் சக்கரத்தைக் கழற்றி முதலில் கிளிப்பைப் பாருங்கள்.

உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அடுத்த செட். பெட்டியில் உள்ள பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் கடையில் வருஷம், மாடல் என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.