அப்பாக்களுக்குக் கொடுத்த பரிசுகள்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒரு பரிசு நல்லதா என்பதைப் பொதி பிரித்த அன்று சொல்ல முடியாது. அன்று எந்த அப்பாவும் "நன்றாக இருக்கிறது, பிள்ளை" என்றுதான் சொல்வார். அந்தப் பொருள் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போகிறதா, அவருடைய கதிரைக்குப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறதா என்று தெரிய ஒரு வருடமாவது வேண்டும். அதனால்தான் கொடுத்துப் பல காலம் ஆன பொருட்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தந்தையர் தினமான ஜூன் மாதத்து மூன்றாவது ஞாயிறு நெருங்கினால் காலி வீதிக் கடைகளில் கோப்பை, பணப்பை, வாசனைத் திரவியம், கட்டம் போட்ட சட்டை என்று அடுக்கிவிடுவார்கள். உலகத்து அப்பாக்கள் எல்லோரும் ஒரே ஆள் என்று நினைத்து அடுக்கியது போல இருக்கும். எங்கள் குடும்பத்தில் அப்பா நிலையில் மூன்று பேர் இருக்கிறார்கள், மூவரும் மூன்று விதம். என் அப்பாவுக்கு வானொலியும் வாசிப்பும். கணவரின் அப்பாவான மாமாவுக்கு, வெள்ளவத்தைத் தொடர்மாடியின் பல்கனி முழுவதும் பூச்சாடி. பெரியப்பாவுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. எங்களை வளர்த்தவர்களில் அவரும் ஒருவர், அவருடைய உயிர் கிரிக்கெட்டில் இருக்கிறது.

பெரியப்பாவுக்கு வாங்கிய பைனாகுலர்தான் இதுவரை கொடுத்தவற்றில் மிகச் சிறந்தது. 1982 பெப்ரவரியில் பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியபோது அங்கே இருந்தவர் அவர். 1985இல் அதே மைதானத்தில் இந்தியாவை வென்று முதல் டெஸ்ட் வெற்றி கிடைத்தபோதும் இருந்தார். யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர் என்பதால், 1904இல் தொடங்கிய 'வடக்கின் பெருஞ்சமர்' என்ற பாடசாலைக் கிரிக்கெட் போட்டிக்கு மார்ச் மாதத்தில் இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணமும் போவார். மைதானத்துக்குப் போகும் பழக்கம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. கண்தான் பின்தங்கத் தொடங்கியிருந்தது. பரிசு அந்த இடத்தில் போய்ப் பொருந்தியது.

வாங்கப்போகிறவர்களுக்குச் சில விவரங்கள். பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு பெருக்கம் 8ஐ விட மேலானது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். வயதானவர்களின் கைக்கு அது சரிவராது. கை நடுக்கமும் அதே 10 மடங்காகப் பெருகி, படம் ஆடிக்கொண்டே இருக்கும். நாங்கள் எடுத்தது 8க்கு 42. எல்லைக்கோட்டுக்கு அப்பால், துடுப்பாட்டக்காரரிடமிருந்து 80 மீட்டர் தூரத்தில் இருந்து பார்த்தாலும் அவர் 10 மீட்டரில் நிற்பது போலத் தெரிவார், அதற்குமேல் வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவருக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். கண்ணை வைக்கும் இறப்பர் வளையம் கீழே இறங்கக்கூடியதாக இருக்க வேண்டும். கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 15 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளியிலும் முழுக்காட்சி தெரிய வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரியும், அவரும் மரியாதைக்காக ஒன்றும் சொல்ல மாட்டார்.

கொழும்பில் பைனாகுலருக்கு எதிரி பூஞ்சணம். ஈரப்பதன் வருடம் முழுவதும் உயர்ந்தே இருக்கும் ஊர் இது. கூடவே வரும் தோல் உறை பார்க்க அழகாக இருந்தாலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வில்லையின் உட்புறத்தில் சிலந்திவலை மாதிரி வெள்ளை நூல்கள் ஓடத் தொடங்கினால் சுத்தம் செய்வது கடினம், செலவும் அதிகம். எங்களுடையது உள்ளே நைதரசன் நிரப்பி அடைத்த வகை. அப்படியும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறோம். பொட்டலங்களை மாற்றுவது என் வேலை. பரிசு கொடுத்தவருக்கு இப்படி ஒரு வேலை கடைசிவரை இருக்கும் என்றே நான் நினைக்கிறேன். பராமரிப்பையும் சேர்த்து அப்பாக்களின் தலையில் வைத்தால் எந்தப் பொருளும் அலுமாரிக்குத்தான் போகும்.

அதே பெரியப்பாவுக்கு மைத்துனர் ஒருவர், ஓட்டங்களைக் குறிக்கும் அச்சிட்ட பதிவேடு ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். நல்ல கடதாசி, நேர்த்தியான கட்டங்கள். இன்றுவரை முதல் பக்கம்கூட நிரம்பவில்லை. பெரியப்பா சீ.ஆர். கொப்பியில் தானே கோடு கீறி, தனக்கென்று உள்ள குறிகளால் பந்துக்குப் பந்து எழுதுகிறவர். விடுபட்ட பிடிக்கு ஒரு குறி, நடுவரின் தீர்ப்பு அவருக்குப் பிடிக்காவிட்டால் ஒரு குறி. அச்சிட்ட கட்டங்களில் அதற்கெல்லாம் இடமில்லை. அடுத்த வருடம் நாங்கள் கொடுத்தது, தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பிகள் ஒரு கட்டும் நல்ல பென்சில்களும். அவை தீர்ந்து, மறுபடியும் வாங்கிக் கொடுத்தாயிற்று. ஒரு மனிதர் நாற்பது வருடமாகச் செய்யும் முறையை மாற்றச் சொல்லும் பொருள், எவ்வளவு விலையானாலும், அவருக்கு உரிய பரிசு இல்லை.

என்ன வாங்குவது என்று தெரியாதவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. அப்பாவிடம் கேட்காதீர்கள். "எனக்கு எதற்கு? காசை வீணாக்காதே" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அவர் எதை நூல் கட்டி, ஒட்டுநாடா சுற்றி, றப்பர் வளையம் போட்டுத் தொடர்ந்து பாவிக்கிறார் என்று பாருங்கள். அந்தப் பொருள் அவருக்கு நாளாந்தம் தேவை, அது பழுது, ஆனால் தனக்காகச் செலவழிக்க மனம் வரவில்லை. மூன்றும் ஒரே இடத்தில் தெரிந்துவிடும்.

மாமாவின் செடி வெட்டும் கத்தரி அப்படித்தான் கண்ணில் பட்டது. பிடியில் துணி சுற்றியிருந்தது, சுருள்வில் இருந்த இடத்தில் இறப்பர் துண்டு. புதிதாகக் கொடுத்தது, இரண்டு அலகுகள் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகை. ஓர் அலகு தட்டையான பலகையில் போய் அழுத்தும் வகை பச்சைத் தண்டை நசுக்கிவிடும். கறிவேப்பிலை, மல்லிகை போன்றவற்றுக்கு முதல் வகைதான் நல்லது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு என்பதால் பூச்சு இல்லாத உருக்கு வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். நாங்கள் எடுத்ததற்குப் பூச்சு இருந்தாலும் வெட்டும் விளிம்பில் அது தேய்ந்துவிட்டது, அங்கே துருப்புள்ளிகள் வரத்தான் செய்கின்றன. வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசினாகிப் பிடித்துக்கொள்ளும். சுருள்வில் தனியாக வாங்கக் கிடைக்குமா என்று கேட்டு வாங்கியது பிறகு உதவியது. முதலில் தொலைவது அதுதான்.

பூச்சாடிகள் விஷயத்தில் கொழும்புக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். அடியில் தண்ணீர் தேங்கி, செடி தானே உறிஞ்சிக்கொள்ளும் சாடிகள் இப்போது பரிசாக நிறைய வாங்கப்படுகின்றன. மாமாவுக்கும் உறவினர் ஒருவர் கொடுத்தார். குளிர்நாட்டு யன்னலோரத்துக்கு அவை பொருந்தலாம். இங்கே அந்த நீர்த்தட்டு ஈடிஸ் நுளம்புக்குக் கட்டிக் கொடுத்த வீடு. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு இருக்கும், அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். பல்கனியில் இருக்கும் இருபது சாடிகளுக்கு இதை வாராவாரம் செய்ய எழுபது வயதுக்காரரால் ஆகுமா? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பி கண்டால் வழக்கு வேறு. அந்தச் சாடிகளின் நீர்த்தட்டுகளைக் கழற்றிவிட்டு, சாதாரணச் சாடிகளாக மாற்றி ரம்பையும் வல்லாரையும் வைத்திருக்கிறார். ரம்பை கொழித்து நிற்கிறது.

தோட்டம் உள்ள அப்பாவுக்குச் செடியையே கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கலாம், ஆனால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பத்தரமுல்லை தியத்த உயனவில் உள்ள செடிக்கடைகளில் மாமா ஒரு காலைப்பொழுதைக் கழிப்பார். ஒவ்வொரு இலையின் பின்பக்கத்தையும் திருப்பி வெள்ளைப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். செடியைத் தேர்ந்தெடுக்கும் சந்தோஷத்தை நாம் எடுத்துக்கொண்டு, நீர் ஊற்றும் வேலையை மட்டும் அவருக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கு மிகவும் பிடித்துப்போன சின்னப் பொருள், முழங்காலுக்குக் கீழே போடும் தடித்த நுரை மெத்தை. நிறம் போய்விட்டது, நடுவில் அமுங்கிவிட்டது, இன்றும் தினமும் பாவனையில் இருக்கிறது.

அப்பாவின் கதை வானொலிப் பெட்டியில் தொடங்குகிறது. 1925இல் கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது. தமிழ்நாட்டிலும் வீட்டுக்கு வீடு இலங்கை வானொலி கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தின் நேயர் அப்பா. அவருடைய பழைய பெட்டி கரகரத்துக்கொண்டிருந்தது. புதிது வாங்கி இதைத் தூக்கிப்போடலாம் என்று வீட்டில் சிலர் சொன்னார்கள். புறக்கோட்டையில் பழைய பெட்டிகளைத் திருத்தும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகைச் சுத்தம் செய்தார். காய்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றினார். முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருந்தது, அதையும் புதிதாகக் கோத்துக் கொடுத்தார். கரகரப்புப் போய்விட்டது. வருடங்கள் கழிந்தும் பாடுகிறது.

ஒரு குறை உண்டு. அந்தப் பெட்டியில் மத்திய அலையும் சிற்றலையும் மட்டும்தான், இன்றைய தமிழ் ஒலிபரப்புகளோ பண்பலையில் இருக்கின்றன. ஆகவே இரண்டாவதாக, பண்பலை உள்ள ஒரு சிறிய பெட்டியும் வாங்கினோம். தேடித் தேடி எடுத்தது, திருகிகள் உள்ளது. பொத்தான் அழுத்தி எண்களைத் தேடும் பெட்டியை இருட்டில் விரலால் தடவி இயக்க முடியாது. பகலில் புதியது, இரவில் பழையது என்று அப்பா பிரித்துக்கொண்டார். இரவில் மத்திய அலை வெகுதூரம் போகும், கடல் கடந்த இந்திய நிலையங்கள் தெளிவாக விழும். தொலைபேசிச் சார்ஜரும் மலிவான எல்.ஈ.டி. குமிழும் பக்கத்தில் இருந்தால் இரைச்சல் வரும், பெட்டியை யன்னலோரம் தள்ளி வைத்தால் பாதி குறையும்.

வாசிப்புக்கு, அண்ணா கனடாவிலிருந்து 10 அங்குல டப்லெட் அனுப்பினார். அது வெற்றி பெற்றதற்குக் காரணம் திரையின் அளவும் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகமும். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பழைய மலர்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் பக்கங்களைப் படமாக எடுத்த கோப்புகள் என்பதால் எழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்க முடியாது. சின்னத் திரையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இழுத்து இழுத்து வாசிக்க வேண்டியிருக்கும். மேசையில் நிறுத்தி வைக்கும் தாங்கி ஒன்றும் கட்டாயம், கையில் பிடித்தால் மணிக்கட்டு நோகும். கோப்புகளை முன்கூட்டியே இறக்கி வைப்பது என் பங்கு. அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்பவருக்கு, செட்டியார் தெருவிலோ வெள்ளவத்தையிலோ பூபாலசிங்கம் புத்தகசாலைக்கு அவரையே அழைத்துப்போய் அலமாரிகளுக்கு முன்னால் விட்டுவிடுங்கள்.

2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை போன காலத்தில் அப்பாவுக்கு மீள்மின்னேற்ற மின்விசிறி ஒன்று வாங்கினோம். அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய பரிசு இருந்திருக்காது. பிறகு மின்சாரம் ஒழுங்கானதும் எத்தனையோ வீடுகளில் அவை மூலையில் கிடந்து செத்துவிட்டன. இந்த விசிறிகளில் பல ஈய அமில பற்றரியில் ஓடுபவை, மின்னேற்றாமல் மாதக்கணக்கில் விட்டால் திரும்ப எழாது. நாங்கள் ஒவ்வொரு பௌர்ணமி விடுமுறைக்கும் மின்னேற்றுவதென்று வைத்துக்கொண்டோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே மின்சாரமின்றிப் போனபோது அப்பாவின் அறையில் காற்று இருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தினமும் மின்னேற்ற வேண்டிய ஸ்மார்ட் கைக்கடிகாரம் மூவரில் ஒருவர் கையிலும் நிற்கவில்லை. கையசைவில் தானே சாவி ஏறும் கடிகாரம் பெரியப்பாவிடம் நிற்கிறது, தோல் பட்டை மட்டும் வியர்வையில் நாறி, உலோகப் பட்டையாக மாறிவிட்டது. நடைச் சப்பாத்து கொடுப்பவர்கள், அதைக் கொடுத்த வாரமே காலிமுகத்திடலுக்கோ சுதந்திர சதுக்கத்துக்கோ கூட்டிப்போய் நடக்க வையுங்கள். நல்ல நாளுக்கென்று பெட்டியிலேயே வைத்தால், சில வகை நுரை அடிகள் இந்த ஈரப்பதனில் தாமாகவே உதிர்ந்துவிடும். மாமாவின் சப்பாத்து ஒரு கல்யாண வீட்டு வாசலில் அப்படித்தான் பிளந்தது.

இரத்த அழுத்தமானி எல்லா வீட்டிலும் இருக்க வேண்டிய பொருள், ஆனால் தந்தையர் தினத்தில் கொடுக்காதீர்கள். கொண்டாட வந்த நாளில் நோயை ஞாபகப்படுத்த வேண்டாம். சாதாரண ஒரு நாளில் வீட்டுச் சாமானாக வாங்கி வையுங்கள். மேற்கையில் கட்டும் வகையை எடுங்கள், முதலில் கையின் சுற்றளவை அளந்துகொண்டு போங்கள். சாதாரணப் பட்டி அநேகமாக 22 முதல் 32 சென்ரிமீட்டர்வரைதான் பொருந்தும். கைக்குச் சிறிய பட்டி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டி வீட்டையே பயப்படுத்திவிடும்.

எதுவும் தோன்றவில்லை என்றால் பருத்திச் சாரம் வாங்குங்கள். மூவர் விஷயத்திலும் தவறாமல் பொருந்தியது அது. கடையில் மூட்டாமல் இருந்தால் தையல்காரரிடம் மூட்டி, ஒருமுறை அலசி, கஞ்சிப்பசை போக்கிக் கொடுங்கள். அன்று மாலையே உடுத்திக்கொள்வார்கள்.