பார்சல் லாரியில் எட்டு வருடம்: கிலோ ரேட்டைப் பேசி நான் விட்ட பணம்

கரூரில் சின்ன அளவில் சேர் பேடும் கிச்சன் டவலும் தைத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறேன். 2018இல் ஆரம்பித்தது. முழு லாரி பிடிக்கும் அளவுக்கு என்னிடம் ஒருபோதும் சரக்கு சேர்ந்ததில்லை, அதனால் இத்தனை வருடமும் பார்சல் சர்வீஸில் பார்ட் லோடுதான். நான்கு கம்பெனிகளில் போட்டுப் பார்த்தாயிற்று, இப்போது இரண்டு பேரோடு மட்டும் வைத்திருக்கிறேன். பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் கட்டணத்துக்கு வைக்கும் பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, அது பில்லில் ஏறும் வழி எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

முதல் பெரிய அடி ஹைதராபாத் ஆர்டரில் விழுந்தது. 40 பெட்டி சேர் பேடு, பெட்டிக்கு 18 கிலோ, மொத்தம் 720 கிலோ. கிலோ 9 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். 6,480 ரூபாய், மேலே கொஞ்சம் அது இது என்று வந்தாலும் 7,500க்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டு, அந்த விலையிலேயே பார்ட்டிக்குக் கொட்டேஷனும் கொடுத்துவிட்டேன். வந்த பில் 27,473 ரூபாய். புக்கிங் ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அங்கிருந்த தம்பி பொறுமையாக எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியைத் திருப்பிக் காட்டினார். 'ஆக்சுவல் வெயிட்' 720, பக்கத்திலேயே 'சார்ஜ்டு வெயிட்' 2,729. என் கையெழுத்து அதற்குக் கீழே இருந்தது.

இதைத்தான் சரக்கு அனுப்பும் எல்லோரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். லாரியில் எடையும் விற்பனைக்கு, இடமும் விற்பனைக்கு. எது அதிகமோ அதற்குத்தான் காசு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் பெருக்கி 1,728ஆல் வகுத்தால் கன அடி வரும், அதை அவர்கள் சி.எஃப்.டி. என்பார்கள். ஒரு கன அடிக்கு இத்தனை கிலோ என்று ஒரு எண் வைத்திருப்பார்கள், எனக்கு அன்று போட்டது 10. என் பெட்டி 24க்கு 20க்கு 20, அதாவது 5.56 கன அடி, அதாவது ஏறக்குறைய 55 கிலோ அறுநூறு கிராம். தராசில் நிற்பதோ 18 கிலோ. இதுவே மூன்று மடங்கு ஆயிற்றே, அப்படியும் மொத்தம் 2,222 தானே வர வேண்டும், 2,729 எப்படி வந்தது என்று கேட்டேன்.

"பொட்டி உப்பியிருக்குங்கண்ணா, உப்புன இடத்துலதான் டேப்பு வெப்போம்" என்றார்.

அன்றைக்கே திரும்பி வந்து, குடோனில் மிச்சமிருந்த ஒரு பெட்டியை எடுத்து வைத்து நானே அளந்தேன். பஞ்சு அடைத்த பேடை அழுத்தித் திணித்து டேப் ஒட்டியதில் நான்கு பக்கமும் வயிறு தள்ளி நின்றது. 25.5, 21.5, 21.5. ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம்தான் கூடியிருக்கிறது, ஆனால் மூன்றையும் பெருக்கும்போது பெட்டிக்குப் பன்னிரண்டரை கிலோவுக்கு மேல் ஏறிவிடுகிறது. 40 பெட்டிக்கு அந்த உப்பலுக்கு மட்டும் 4,500 ரூபாய்க்கு மேல் கட்டியிருக்கிறேன். மேலே டீசல் சர்சார்ஜ் 10 சதவீதம், அதுவும் இந்த ஊதிப்போன வாடகையின் மேல்.

இன்னொன்றும் கவனியுங்கள். சில கம்பெனிகள் சென்டிமீட்டரில் அளந்து 27,000ஆல் வகுப்பார்கள். ஒரு கன அடி என்பது 28,317 கன சென்டிமீட்டர். 27,000ஆல் வகுத்தால் ஒவ்வொரு பெட்டியிலும் கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடுதலாக வரும். தப்பு என்று சொல்ல முடியாது, பேசிய கட்டணத்தையும் நிபந்தனையையும் எழுதித் தரும் ரேட் லெட்டரில் எழுதியே கொடுத்திருப்பார்கள். நாம் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்தேன்? இரண்டு வேலை. முதலில் பெட்டியை மாற்றினேன். பேடுகளை உறையில் போட்டுக் காற்றை உறிஞ்சி அடுக்கினோம். ரொம்ப இறுக்கினால் பிரித்த பிறகு உப்பி வர நேரமாகிறது என்று கடைக்காரர்கள் சொன்னதால் பாதி அளவுக்கு மட்டும் அழுத்துகிறோம். அதே பேடு, அதே 18 கிலோ, இப்போது 24க்கு 20க்கு 12 பெட்டியில் உட்காருகிறது. வயிறு தள்ளாமல் இருக்க அட்டையை ஐந்து பிளையாக (ஐந்து அடுக்காக) மாற்றினேன், பெட்டிக்குச் சில ரூபாய் கூடியது. பேக்கிங் பார்க்கும் அக்கா கையில் ஒரு டேப் கொடுத்து, ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு பெட்டியை அளந்து, டேப்போடு சேர்த்து போட்டோ எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த போட்டோவைக் காட்டி இதுவரை மூன்று பில்லைத் திருத்த வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வேலை, பேசும் விஷயத்தை மாற்றியது. கிலோ ரேட்டைக் குறைக்கச் சொல்வதை விட்டுவிட்டு, கன அடிக்கு 10 என்பதை 7 ஆக்குங்கள் என்று கேட்டேன். ரேட்டை 10.50 ஆக்கினால் தருகிறேன் என்றார்கள், உடனே ஒத்துக்கொண்டேன். இப்போது அதே 40 பெட்டிக்கு 933 கிலோ சார்ஜ் ஆகிறது, வாடகை 9,800. முன்பு வாடகை மட்டும் 24,500க்கு மேல். கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, பாதிக்கும் கீழே கொண்டுவந்திருக்கிறேன். டவல் பேலுக்கு இந்தத் தொல்லையே இல்லை, பிரஸ்ஸில் அமுக்கிப் பட்டை கட்டிய சிப்பம் எப்போதும் எடையில்தான் போகும். அதனால் டவலுக்கு ஒரு கம்பெனி, பேடுக்கு வேறு கம்பெனி. இரண்டையும் ஒரே ரேட்டில் ஒரே இடத்தில் போட்டதுதான் என் முதல் இரண்டு வருடத்து நஷ்டம்.

அடுத்து எஃப்.ஓ.வி. (ஃப்ரெய்ட் ஆன் வேல்யூ) என்று பில்லில் ஒரு வரி வரும், இன்வாய்ஸ் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று. இதை நான் இன்சூரன்ஸ் என்றே நம்பியிருந்தேன். ஒரு நவம்பர் மழையில் மூன்று பேல் நனைந்து கறை பிடித்துப் போய்ச் சேர்ந்தபோதுதான் எல்.ஆர். பின்பக்கம் படித்தேன். 'ஓனர்ஸ் ரிஸ்க்', அதாவது சேதம் சரக்குக்காரர் பொறுப்பு என்று டிக் ஆகியிருந்தது. 2007ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குச் சட்டமும் அதன் 2011 விதிகளும் சொல்வது இதுதான்: அதிக ரிஸ்க் ரேட் (லாரிக்காரர் கூடுதல் பொறுப்பேற்க வாங்கும் கட்டணம்) கட்டிப் பதிவு செய்யாவிட்டால், லாரிக்காரரின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கு வரைதான், அதுவும் நாம் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது. கேஸ் போடுவதென்றால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு இன்னொரு பிரச்சினையும் இருந்தது. சரக்கை இறக்கியவர் டெலிவரி காப்பியில் எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். 'மூன்று பேல் நனைந்துள்ளது' என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஏதாவது வந்திருக்கும். இப்போது தனியாக ஒரு இன்சூரன்ஸ் ஓபன் பாலிசி எடுத்திருக்கிறேன், ரோட்டில் போகும் சரக்குக்கும் அதை மரைன் பாலிசி என்றுதான் சொல்கிறார்கள். அதற்கப்புறம் எஃப்.ஓ.வி.யைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கிப் பேச முடிந்தது.

டெலிவரி பக்கம் வருவோம். ஹைதராபாத் பார்ட்டி நகருக்கு வெளியே புது குடோன் போனார், நான் முகவரியை மட்டும் மாற்றி எழுதினேன். பில்லில் ஓ.டி.ஏ. என்று ஒரு தொகை. அவர்கள் வண்டி வழக்கமாகப் போகாத பின்கோடு என்றால் அந்தக் கட்டணம் விழும், கிளை தூரமாக இருந்தால் அதிகம் விழும். இப்போது ஆர்டர் எடுக்கும்போதே பின்கோடைக் கேட்டுச் சரிபார்க்கிறேன். எல்லைக்கு வெளியே என்றால் குடோன் டெலிவரி (பார்சல் கம்பெனி குடோனிலேயே எடுத்துக்கொள்வது) போட்டு, பார்ட்டியே ஒரு குட்டி யானை அனுப்பி எடுத்துக்கொள்வது என்று முன்பே பேசிவிடுவேன்.

கொச்சிக்கு ஒருமுறை டூ பே (வாடகையை வாங்குபவர் கட்டுவது) போட்ட சரக்கு ஓணத்துக்கு முந்தின வாரம் போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் தன் குடோனில் இடமில்லை என்று எடுக்கவில்லை, பார்சல் கம்பெனியிலேயே 11 நாள் கிடந்தது. மூன்று நாள் இலவசம், மீதி எட்டு நாளுக்குக் கிலோ கணக்கில் டெமரேஜ் (தாமதக் கட்டணம்). அவர் கட்ட மாட்டேன் என்றார், திருப்பி வரவழைத்தால் திரும்பும் வாடகையும் என் தலையில். பாதிப் பாதி என்று முடித்தோம். டூ பே என்றால் நமக்குச் செலவில்லை என்று நினைக்காதீர்கள், வாங்குபவர் மறுத்த நிமிடம் கணக்கு அனுப்பியவர் பெயருக்கு வந்துவிடும். கேரளாவில் இறக்குக்கூலி யாருடையது என்பதையும் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். வேலை செய்யாமல் கேட்கும் நோக்குக்கூலியை அந்த அரசு 2018 மே 1 முதல் தடை செய்திருக்கிறது, ஆனால் இறக்குகிற தொழிலாளர்களுக்கு உரிய கூலி வேறு, அது நியாயமான செலவு.

ஜி.எஸ்.டி.யில் ஏமாந்தது வேறு விதம். லாரி வாடகைக்குப் பெரும்பாலும் 5 சதவீதம் லாரிக்காரருக்குப் பதில் நாமே ஆர்.சி.எம்.மில் அரசுக்குக் கட்டி, நம் வரியில் கழித்துக்கொள்ள கிரெடிட் எடுத்துக்கொள்வோம். என் இரண்டாவது கம்பெனி பில்லிலேயே 12 சதவீதம் போட்டு வாங்கிக்கொண்டிருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது 18. நான் அதைக் கவனிக்காமல் நான்கு மாதம் ஆர்.சி.எம்.மும் கட்டியிருக்கிறேன். ஆடிட்டர்தான் கண்டுபிடித்தார். பில்லில் வரி ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், ஒரு நிமிட வேலை.

இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்சீட்டு, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். பார்ட் லோடு சரக்கு நடுவில் ஏதாவது ஹப்பில் இரண்டு நாள் படுத்துவிட்டால் காலாவதியாகும், பிடித்தால் அபராதத்தை நம் பக்கம் தள்ளப் பார்ப்பார்கள். முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்கலாம், அதை லாரிக்காரர்தான் செய்ய வேண்டும். ரேட் லெட்டரில் இதற்கு ஒரு வரி கேட்டு வாங்கியிருக்கிறேன். டீசல் சர்சார்ஜ் எந்தத் தேதி விலையை வைத்து ஏறும், இறங்கும் என்பதற்கும் ஒரு வரி வாங்கினேன். ஏறும்போது மட்டும் ஏறிக்கொண்டிருந்தது, அந்த வரி வந்த பிறகு ஒருமுறை இறங்கவும் செய்தது.

இன்னும் என்னால் குறைக்க முடியாதது ஹேண்ட்லிங் சார்ஜ். ஏற்றுக்கூலி நானே கொடுத்து ஏற்றினாலும் அந்த வரி பில்லில் நிற்கிறது. இரண்டு கம்பெனியிலும் கேட்டுவிட்டேன், இருவரும் எல்லோருக்கும் அப்படித்தான் என்கிறார்கள். உங்களில் யாராவது அதை எடுக்க வைத்திருந்தால் எப்படிப் பேசினீர்கள் என்று சொல்லுங்கள், அடுத்த மார்ச்சில் எனக்கு ரேட் லெட்டர் புதுப்பிக்க வேண்டும்.